விற்கக் கூச்சம் எதற்கு? – வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எங்கள் ஊர்ப் பனையேறிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி நானே அமேசான் கிண்டிலில் மின்னூலாக ஏற்றினேன். அச்சிலும் கொஞ்சம் பிரதி போட்டிருக்கிறேன். முகநூலில் தினமும் லிங்க் போடுகிறேன், வாட்ஸப் குழுக்களில் அட்டைப்படம் அனுப்புகிறேன். எல்லாரும் ‘வாழ்த்துகள்’ என்கிறார்கள், வாங்கத்தான் ஆளில்லை. ஐந்து நாள் இலவசமாகக் கொடுத்தபோது மட்டும் நிறையப் பேர் எடுத்துக்கொண்டார்கள். விளம்பரத்துக்குச் செலவு செய்யலாமா? எழுதியவனே கூவி விற்பது அசிங்கம் என்கிறார் ஒரு நண்பர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

– ஒரு வாசகன், திசையன்விளை

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாக இதே விஷயம்தான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

அசிங்கம் என்ற நண்பரை விட்டுத்தள்ளுங்கள். 1920-இல் பாரதி நம் கடையத்தில் இருந்துகொண்டு, தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சடிக்கத் திட்டம் போட்டார். அதற்குக் கடன் கேட்டு நண்பர்களுக்குக் கடிதமும் அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல ஜனங்கள் தன் புத்தகத்தை வாங்குவார்கள் என்று நம்பிய மனுஷன் அவர். பணம் வந்து சேரவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கே இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

விளம்பரச் செலவு இப்போது வேண்டாம்.

இலவசம் பற்றித்தான் எனக்குக் கோபம். கிண்டிலின் ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளில் 5 நாள் சும்மா கொடுக்கலாம். அந்த நாட்களில் இறங்கும் பிரதிக்கு ஒரு பைசா ராயல்டி கிடையாது. சரி, படிக்கவாவது செய்தார்களா? அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. சந்தா கட்டிப் படிக்கிற ‘கிண்டில் அன்லிமிடெட்’ வாசகர்கள் எத்தனை பக்கம் படித்தார்கள் என்பது உங்கள் கணக்குப் பக்கத்தில் வரும், காசும் அந்தப் பக்கங்களுக்குத்தான். அதைப் பாருங்கள். இறக்கி வைத்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள்.

சின்ன வயதில் அப்பாவோடு மேலப்பாளையம் சந்தைக்குப் போவேன். அப்பா ஆட்டுக்கு விலை பேசிக்கொண்டிருப்பார், நான் கொலைச்சிந்து, அதாவது கொலைக்கதைப் பாட்டுப் புத்தகம், விற்கிறவரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் நுழைந்துவிடுவேன். மட்டமான தாளில் நாலைந்து பக்கம், அவ்வளவுதான் புத்தகம். அவர் அதைத் தூக்கிக்காட்டி ‘வாங்குங்கள்’ என்று கெஞ்சி நான் பார்த்ததில்லை. டேப் என்கிற சின்னப் பறையைத் தட்டிப் பாடுவார். பாதிராத்திரி, கதவு தட்டுகிற சத்தம், உள்ளே தனியாக ஒரு பெண் எழுந்து தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு, பேசாமல் புத்தகக் கட்டைப் பிரிப்பார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள்கூட, வீட்டில் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லலாம் என்று மடியிலிருந்து சில்லறை எடுப்பார்கள். எந்த இடத்தில் நிறுத்தினால் ஆள் நகர மாட்டான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தான் விற்கிற சரக்கை வரிவரியாக அறிந்தவர் அவர்.

நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்? கிண்டிலில் உங்கள் புத்தகத்தின் மாதிரியை இறக்கிப் பார்த்தேன். முதல் பத்தில் ஒரு பங்கைத்தான் மாதிரியாகக் காட்டுவார்கள். அதில் அணிந்துரை, வாழ்த்துரை, அப்புறம் நீளமான நன்றியுரை. ஒரு பனைமரம் வருவதற்குள் மாதிரி முடிந்துவிட்டது! உங்கள் ஊர் பெயர்கூடத் தெரியாத ஒருவர் எதை நம்பிக் காசு கொடுப்பார்? அந்த உரைகளையெல்லாம் இன்றைக்கே கடைசிக்குத் தள்ளுங்கள். எழுதிக்கொடுத்த பெரியவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நான் வாங்கி முழுக்கப் படித்தேன் தம்பி. விடிலிக்குள், அந்தக் கருப்பட்டி காய்ச்சுகிற ஓலைக்குடிசைக்குள், உங்கள் அம்மா பதநீர் காய்ச்சுகிற பக்கம் இருக்கிறதே, அதில் அப்படியே நின்றுவிட்டேன். பதநீர் பொங்கி விளிம்புக்கு வருகிறது. அம்மா அவசரப்படாமல் நாலு ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுகிறார், நுரை அடங்குகிறது. பாகில் ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்துப் பதம் சொல்கிறார். வரிசையாகக் கிடக்கிற சிரட்டைகளில் ஊற்றும்போது புகையில் கண் எரிந்து அழுகிறார், நீங்கள் அம்மாவை யாரோ அடித்துவிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள். இப்படி ஒரு பக்கத்தை எழுதிவிட்டு அதை மறைத்து வைத்து, ஊருக்கெல்லாம் அட்டைப்படத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தால் எனக்கு வயிறு எரியாதா?

அந்தப் பக்கத்தை அப்படியே முகநூலில் போடுங்கள். லிங்க் கடைசியில் ஒரு வரியாக இருந்தால் போதும். வாட்ஸப்பில் உங்கள் குரலிலேயே வாசித்து அனுப்புங்கள். கண்ட குழுவிலும் போடாதீர்கள். தாராவியில் நம் பக்கத்துச் சனம் எவ்வளவு இருக்கிறது, வளைகுடாவில் எவ்வளவு பேர்! விடிலிப் புகையில் வளர்ந்தவர்கள் அவர்கள். முதலில் அவர்களிடம் போகட்டும். பத்து நாள் கழித்து வேறொரு பக்கம். தினமும் வேண்டாம்.

அச்சுப் பிரதி அனுப்பி வைக்கிறேன் என்று கடிதத்தின் கீழே முகவரி கேட்டிருந்தீர்கள். சும்மா அனுப்பாதீர்கள். தபால் செலவையும் சேர்த்து விலை சொல்லுங்கள், இரண்டு பிரதிக்குப் பணம் போட்டுவிடுகிறேன். ஒன்று மும்பையில் இருக்கிற என் மதினிக்கு.