வைன் பீப்பாய்ல ஊறின சின்ன வயசு சிங்கிள் மால்ட், எதை வாங்கறது?

கேள்வி: அண்ணா, நான் தண்டையார்பேட்டை. என் மச்சான் அடுத்த மாசம் சிங்கப்பூர்லருந்து வரான். மூணு பாட்டில் சிங்கிள் மால்ட் விஸ்கி (ஒரே டிஸ்டிலரில பார்லி மால்ட்ல மட்டும் காய்ச்சினது) போட்டோ அனுப்பிருக்கான், ஒண்ணு ஷெர்ரி பீப்பாய்ல ஊறினது, ஒண்ணு போர்ட், ஒண்ணு ரெட் வைன் (ஷெர்ரியும் போர்ட்டும் வைன் வகைதான்). மூணுமே 700 மில்லி, எதுலயும் வயசு போடல. சின்ன வயசு சரக்குன்னா காசு வேஸ்ட்டாண்ணா?

பதில்: தம்பி, முதல்ல ஒரு கணக்கு. ஒருத்தர் டூட்டி கட்டாம 2 லிட்டர் தான் கொண்டு வரலாம், 700 மில்லி மூணுன்னா 2.1 லிட்டர் ஆயிடுது, அந்த 100 மில்லிக்காக ஏர்போர்ட்ல நிக்க வேணாம். ரெண்டு பாட்டில் போதும்னு சொல்லிடு.

இப்ப வயசு. ஸ்காட்ச்னா, அதாவது ஸ்காட்லாந்து விஸ்கின்னா, குறைஞ்சது 3 வருஷம் ஓக் பீப்பாய்ல இருந்தே ஆகணும், அதனால வயசு போடலன்னா நேத்து காய்ச்சினதுன்னு அர்த்தம் இல்ல. நம்ம ஊர் மாதிரி சூட்டுல சரக்கு சீக்கிரமே மரத்தை இழுத்துக்கும், ஸ்காட்லாந்துல வருஷத்துக்கு பீப்பாய்லருந்து சுமார் 2 சதவீதம் ஆவியாகுதுன்னா பெங்களூர்ல அம்ருத் விஸ்கி கம்பெனிக்கு 10 சதவீதத்துக்கு மேல போயிடும். தைவான் கவலான் கம்பெனியோட வினோ பாரிக்ங்கற வைன் பீப்பாய் விஸ்கி 2015ல உலகத்தின் சிறந்த சிங்கிள் மால்ட்னு அவார்டு வாங்கிச்சு, அதுலயும் வயசு போட்டிருக்காது. அதனால வயசை விடு, பீப்பாய் விஷயத்தைத் தோண்டு.

லேபிள்ல 'ஃபினிஷ்'னு இருந்தா முதல்ல வேற பீப்பாய்ல, பெரும்பாலும் பர்பன் (அமெரிக்க விஸ்கி) இருந்த பீப்பாய்ல, ஊறிட்டு கடைசியா கொஞ்ச காலம் வைன் பீப்பாய்க்கு மாத்திருக்காங்கன்னு அர்த்தம். 'மெச்சூர்டு'ன்னு மட்டும் இருந்தா முழுக்க அதுலயே இருந்திருக்கலாம், பின்னாடி லேபிளையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. சின்ன வயசு சரக்குல தானியத்தோட பச்சை வாசனையும் நாக்கு நுனில ஒரு காரமும் நிக்கும், அதை வைன் பீப்பாய் மூடிடும், நல்லா மூடினா பழம் மாதிரி இருக்கும், ஓவரா மூடினா வெறும் துவர்ப்பு தான். ரெட் வைன் பீப்பாய்ல தான் இந்த ரிஸ்க் அதிகம். அதுக்காகத்தான் சில கம்பெனி பீப்பாய் உள்பக்கத்தை சீவி, வாட்டி, திரும்ப கருக்கி யூஸ் பண்றாங்க, எஸ்டிஆர்னு சொல்வாங்க, அந்த எழுத்து இருந்தா தைரியமா பாரு.

ஷெர்ரிலயே வகை இருக்கு, ஒலொரோசோன்னா வறுத்த பருப்பு வாசனை, பிஎக்ஸ் (பெட்ரோ ஹிமேனெஸ்ங்கற இனிப்பு ஷெர்ரி)னா சௌகார்பேட்டை ட்ரை ஃப்ரூட் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி திராட்சையும் அத்திப்பழமும். போர்ட் நல்ல பழுத்த நாவல்பழம், ஆனா அந்தத் துவர்ப்பு கம்மி. ரெட் வைன் சரியா அமையலன்னா கொட்டைப்பாக்கை மென்ன மாதிரி வாய் இழுக்கும். நான் ஒரு தடவை கலர் கறுப்பா இருக்கேன்னு நம்பி ஒரு பாட்டில் வாங்கி பாதி கூட முடிக்க முடியல, ரொம்ப வருத்தமா இருந்துச்சு. ஸ்காட்ச்ல கேரமல் கலர் சேர்க்க சட்டமே அனுமதிக்குது, கலரை வச்சு முடிவு பண்ணாத, 'நேச்சுரல் கலர்'னு போட்டிருக்கான்னு பாரு, ஆல்கஹால் 46 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா இன்னும் நல்லது. என் ஓட்டு போர்ட்டுக்கும் ஷெர்ரிக்கும். எஸ்டிஆர்னு இருந்தா மட்டும் ஷெர்ரிக்கு பதிலா ரெட் வைன்.

கேள்வி: பெரம்பூர்ல நாங்க நாலு பேர், மொட்டை மாடில இதே மாதிரி மூணு பாட்டிலை டேஸ்ட் பண்ணப் போறோம். ஐஸ் போடலாமா?

பதில்: முதல் ரவுண்டு வேணாம், ஐஸ் வாசனையை அமுக்கிடும். மேல குறுகின கிளாஸ்ல 15 மில்லி ஊத்தி அஞ்சு நிமிஷம் விடுங்க, நம்ம ஊர் சூட்டுக்கு ஆல்கஹால் முதல்ல மூக்குல ஏறும், அது அடங்கட்டும். அப்புறம் ரெண்டு சொட்டு தண்ணி. மீன் வறுவல் வாசனை எல்லாத்தையும் தின்னுடும், அது கடைசில வரட்டும், நடுவுல பொரியும் தண்ணியும் போதும். முடிஞ்சா அதே கம்பெனியோட சாதா பர்பன் பீப்பாய் சரக்கு ஒரு கிளாஸ் பக்கத்துல வச்சுக்குங்க, அதைக் குடிச்சா தான் வைன் பீப்பாய் என்ன சேர்த்துச்சுன்னு நாக்குக்குப் புரியும். யாராவது ஒருத்தர் பாட்டிலை மறைச்சு ஊத்தட்டும், மத்தவங்க பேரைப் பார்க்காம அவங்கவங்க எழுதி வச்சுட்டு அப்புறம் பேசுங்க.