சாகர் சூளை: வாசகர் கேள்விகள்

கேள்வி: மூடிபோட்ட சாகர் பெட்டிக்குள் (பாண்டத்தைப் புகையோடு சேர்த்துச் சூளையில் சுட உதவும் மண்பெட்டி) மரத்தூளை நிறைத்துக் குடுவையைச் சுட்டேன். சிவப்பும் இளஞ்சிவப்பும் வரும் என்றார்கள். எனக்கோ ஒரே கரி. எங்கே தப்பு?

பதில்: ‘நிறைத்து’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான். காற்றுப் போதாமல் புகைந்த தூளின் கரி, மண்ணின் நுண்துளைகளில் ஏறி, சிவப்பைத் தரும் செம்பின் நிறத்தை மூடிவிட்டது. அடியில் இரண்டு விரல் கனத்துக்குத் தூளைப் பரப்புங்கள். அதன்மேல் காப்பர் கார்பனேட் (செம்பு உப்பு) இரண்டு தேக்கரண்டி, கல்லுப்பு ஒரு கைப்பிடி. பாண்டத்தை வைத்தபின் பாதி உயரம் வரை தூளைத் தளர்வாகக் கொட்டுங்கள், அமுக்கவே கூடாது. உப்பைக் குறைக்காதீர்கள். அது சூட்டில் ஆவியாகும்போது செம்பையும் உடன் இழுத்து வரும். மேல்பாதியில் படரும் சிவப்பு அப்படி வருவதுதான். மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றினால் தொட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழும், சில சமயம் அதன் ஓரத்தில் சிவந்த நிழலும் இருக்கும். அன்னபேதியை (இரும்பு சல்பேட்) தூவினால் காவியும் துருநிறமும் கிடைக்கும்.

பாண்டத்தையும் கவனியுங்கள். மெருகு தேய்த்து, 900 முதல் 950 டிகிரிக்குள் முதல் சூடு கொடுத்ததாக இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மண் இறுகத் தொடங்கும், புகையை வாங்காது, மெருகும் மங்கும். கிளேஸ், அதாவது கண்ணாடிபோன்ற மேல்பூச்சு, பூசியதில் வேலையே நடக்காது. சாகர் சூடும் 900ஐத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: நானே செய்த சாகர் பெட்டி இரண்டாம் சூட்டிலேயே விரிசல் விடுகிறது.

பதில்: வெறும் களிமண்ணில் செய்திருப்பீர்கள். மூன்றில் ஒரு பங்கு கிராக், அதாவது சுட்ட மண்ணை நொறுக்கிய குறுணை, சேர்த்துப் பிசையுங்கள். சுவர் ஒன்றரை சென்டிமீட்டர் கனம் இருக்கட்டும். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஆகவே ஏற்றும்போதும் இறக்கும்போதும் அந்தக் கட்டத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். விரிசல் விட்ட பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். கம்பியால் இறுக்கிக் களிமண் அப்பினால் இன்னும் பல சூடு தாங்கும்.

கேள்வி: பெட்டிக்குப் பதில் அலுமினியத் தாளில் சுற்றலாமா?

பதில்: சுற்றலாம். தடித்த தாள், இரண்டு அடுக்கு. அலுமினியம் 660 டிகிரியில் உருகிப் பாண்டத்தில் ஒட்டும் என்பதால் 600ஐ ஒட்டி நிறுத்திவிடுங்கள். இதில் பலரும் ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பைப் பூசுகிறார்கள். ஆரஞ்சு நிறம் அருமைதான். ஆனால் சூடேறும்போது ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி கிளம்பும். திறந்தவெளி, கேஸ் சூளை, அமில ஆவிக்கான வடிகட்டியுள்ள முகமூடி, ரப்பர் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். துணி முகமூடி எதற்கும் ஆகாது. மின்சூளையில் வைத்தால் உப்பும் குளோரைடும் சுருள் கம்பிகளை அரித்துவிடும்.

கேள்வி: இந்தக் குடுவையில் தண்ணீர் ஊற்றிப் பூ வைக்கலாமா?

பதில்: கசியும். உணவும் ஆகாது, செம்பு உப்புகள் இருக்கின்றன. நன்றாக ஆறியபின் சாம்பலை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் தேன்மெழுகை மெல்லப் பூசித் தேய்த்தால் நிறம் எடுப்பாகும். கசிவு அப்போதும் நிற்காது. பூ வைத்தே ஆகவேண்டுமானால் உள்ளே ஒரு கண்ணாடிக் குழாயை நிறுத்துங்கள்.