மாமியாருக்கு சுகர், ஆனா சிறுதானியம் குடுத்தா தொடவே மாட்டேங்கறாங்க, எப்படி வழிக்குக் கொண்டு வரது?

இந்தக் கேள்விய பாத்துட்டு பதில் எழுதாம போக மனசு வரல, ஏன்னா நானும் ஒரு காலத்துல ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் இதையேதான் போன்ல தேடிட்டு இருந்தேன். உங்க வீட்லயும் அடுப்புகிட்ட நிக்கறது நீங்க ஒருத்தர்தான், வீட்டுக்காரர் வீடியோ பாத்துட்டு சாமான் வாங்கிப் போடறவரா இருப்பாருன்னு நினைக்கிறேன். எங்க வீட்ல பிரச்சனை மாமனாருக்கு. சேலம் செவ்வாய்ப்பேட்டைல கொலுசுப் பட்டறைல காலம் பூரா உக்காந்தே வேலை செஞ்சவரு.

2022 கடைசில மூணு மாச சராசரி சுகர் காட்டற டெஸ்ட் (HbA1c) எடுத்தோம், 9.2 வந்துச்சு. 6.5 தொட்டாலே சுகர்னு சொல்றாங்க, இது 9.2. அடுத்த வருஷம் 2023 சிறுதானிய ஆண்டுன்னு ஐ.நா. அறிவிச்சிருந்ததால எங்க பாத்தாலும் அதே பேச்சு, எங்க வீட்டுக்காரரு லீ பஜார் போய் சாமை, தினை, வரகு, ராகின்னு மூட்டையா கொண்டு வந்து எறக்கிட்டு இனிமே இந்த வீட்ல அரிசியே கிடையாதுன்னுட்டாரு. பக்கத்து வீட்டு அக்கா ஜவ்வரிசிக் கஞ்சி குடு, உடம்புக்குக் குளிர்ச்சின்னாங்க. அதுக்கு மட்டும் நான் ஒத்துக்கல, ஆத்தூர் போற வழியெல்லாம் சேகோ மில்லு பாத்து வளந்தவ நான், குச்சிக்கிழங்க, அதான் மரவள்ளிக்கிழங்க, அரைச்சுப் பாலெடுத்து அந்த மாவுலதான் ஜவ்வரிசி பண்றாங்க, வெறும் மாவுச்சத்து, அத சுகர்காரருக்குக் கஞ்சியா குடுக்கலாமா?

ஆனா சாமை விஷயத்துல நானும் ஏமாந்துட்டேன். "சாமைதானேப்பா, வயிறு நிறைய சாப்பிடுங்க"ன்னு இவரு சொல்ல, நானும் கரண்டி கரண்டியா போட்டேன். மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா 9.4. டயட்டீஷியன் அம்மா பொறுமையா சொன்னாங்க, நூறு கிராம் அரிசில மாவுச்சத்து 78 கிராம் கிட்ட இருக்கு, சாமைலயும் 65 கிராம் கிட்ட இருக்கு, நார்ச்சத்து கூட இருக்கறதால மெதுவா ஏறும், அதுக்காக ரெண்டு மடங்கு சாப்பிட்டா என்ன பிரயோஜனம்னு கேட்டாங்க. எனக்குப் பதில் இல்ல. சிறுதானியம் கெட்டதுன்னு நான் சொல்லவே இல்ல, தயவு செஞ்சு சண்டைக்கு வராதீங்க, ராகில இருக்கற கால்சியம் அரிசில கிடையாது, எம்பொண்ணுக்கு இன்னிக்கும் காலைல ராகி தோசைதான்.

அந்த வாரமே இன்னொன்னு நடந்துச்சு. சாயங்காலம் வாக்கிங்னு சொல்லிட்டுப் போன மாமா தட்டுவடை செட் கடைல நிக்கறத இவரு பாத்துட்டாரு. ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல பீட்ரூட், கேரட், வெங்காயம் துருவி வெச்சு சட்னி தடவித் தருவாங்களே, அது கையில இருக்கு. நடு ரோட்லயே "உங்களுக்காகத்தான வீடே பட்டினி கெடக்குது"ன்னு கத்திட்டாரு. கூட வேலை செஞ்சவங்க நாலு பேரு அங்க இருந்திருக்காங்க. மாமா செட்ட அப்படியே கீழ வெச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. ரெண்டு நாள் எங்களோட உக்காந்து சாப்பிடல, தட்ட எடுத்துட்டுப் போய் திண்ணைல தனியா சாப்பிட்டாரு.

மூணாவது நாள் நான் போய் பக்கத்துல உக்காந்தேன். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வாயத் தொறந்தாரு. அவரு பொறந்தது சேர்வராயன் மலைல, அவங்கப்பா ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்துல கூலி. சாமைச் சோறும் ராகிக் களியும்தான், நெல்லுச்சோறு பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும். 12 வயசுல பட்டறைக்கு எறங்கி வந்திருக்காரு. "1967 எலக்ஷன்ல ரூபாய்க்கு மூணு படி அரிசின்னு சொன்னதும் ஊரே அது பின்னாடி ஓடுச்சு, அரிசி அப்படி இருந்த காலம் கண்ணு. தினமும் நெல்லுச்சோறு திங்கணும்னுதான் மலைய விட்டே வந்தேன். கடைசி காலத்துல எம்பையனே மறுபடியும் சாமையக் குடுத்து, ரோட்ல நிக்க வெச்சுத் திட்டறான்."

எனக்கு அழுகை வந்துருச்சு. இவருக்கு ஆரோக்கியமா தெரியற அதே சாமை அவருக்கு இல்லாத காலத்துச் சோறு, இது பதினஞ்சு வருஷமா அந்த வீட்ல சோறு போடற எனக்கே தெரியல.

மறுநாளே அரிசி ஒல வெச்சேன். ஆனா கப்புல அளந்து, ஒரு வேளைக்கு ஒரு கப் சோறு, அதுவும் மத்தியானம் மட்டும். தட்டுல பாதி அவரைக்காய், கீரை, பீர்க்கங்காய்னு ஏதாவது பொரியல், கூட சுண்டல் இல்லன்னா முட்டை. ராத்திரிக்குக் கோதுமை தோசை ரெண்டு. ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தட்டுவடை செட், நானே கூட்டிட்டுப் போறேன், யாருக்கும் தெரியாம நிக்க வேண்டாம். மொத தடவை அந்தக் கடைக்குப் போக அவரு கூச்சப்பட்டாரு, இவரும் கூட வந்து நின்னப்புறம்தான் வாங்கினாரு. இப்ப 7.3. டாக்டர் மாத்திரையும் மாத்திக் குடுத்தாரு, அதையும் சொல்லிடறேன், சோத்த அளந்தே குறைச்சேன்னு நான் பெருமை பேசிக்கல. நீங்களும் உங்க டாக்டரக் கேட்டுட்டே பண்ணுங்க.

இவ்வளவும் பண்ணி என்ன, லீவுக்கு வர நாத்தனார் மைசூர்பாக்கோட வந்து எறங்கி, "அப்பா இளைச்சிட்டாரு, அண்ணி ஒழுங்கா சோறு போடறீங்களா"ன்னு எல்லாரு முன்னாடியும் கேக்கறாங்க. தினமும் அரை மணி நேரம் நடக்கணும்னு எல்லாரும் சொல்றீங்க, எங்க நடக்கறது? எங்க தெருவுல பைப்புக்குத் தோண்டின பள்ளம் எட்டு மாசமா மூடாம கெடக்குது, மிச்ச எடத்துல வரிசையா வண்டி, 70 தாண்டின மனுஷன் எப்படிப் போவாரு? மொட்டை மாடில இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கறாரு, விழுந்துருவாரோன்னு நான் துணி காய வெக்கற சாக்குல கூடவே நிக்கறேன்.

உங்க மாமியார் சின்ன வயசுல என்ன சாப்பிட்டு வளந்தாங்க, எந்த ஊரு, என்ன வேலைன்னு கேட்டுட்டு வந்து கமெண்ட்ல எழுதுங்க. அத வெச்சு என்ன சமைக்கலாம்னு எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.