பல் பிரஷ்: அட்டையில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: எங்கள் வீட்டில் பல வருஷமாக ‘ஹார்ட்’ பிரஷ்தான். அதில் தேய்த்தால்தான் பல் தேய்த்த திருப்தி. இப்போது ஜில்லென்று தண்ணீர் குடித்தால் சுரீரென்று கூசுகிறது, ‘சாஃப்ட்’டுக்கு மாறச் சொல்கிறார்கள். சாஃப்டில் அழுக்குப் போகுமா?

பதில்: தாராளமாகப் போகும். காலையில் நகத்தால் வழித்தால் வெள்ளையாக வருகிறதே, தினமும் எடுக்க வேண்டியது அந்தப் படலத்தைத்தான், அதற்கு முரட்டு நார் எதற்கு? அதுவே இறுகிக் காரையாகிவிட்டால் ஹார்ட் என்ன, எந்த பிரஷ்ஷாலும் வராது. பல் டாக்டரிடம் போய் கிளீனிங் செய்துகொள்ள வேண்டியதுதான்.

ஹார்ட் பிரஷ்ஷை அழுத்தித் தேய்க்கத் தேய்க்க ஈறு மேலே ஏறிவிடும், அதுவரை மூடியிருந்த வேர்ப்பகுதி வெளியே தெரியும். அங்கே எனாமல் என்ற கெட்டியான மேல்பூச்சு கிடையாது, அதனால்தான் கூச்சம். கண்ணாடி முன்னால் நின்று உதட்டை விலக்கி, கோரைப்பல்லும் அதற்கு அடுத்த இரண்டு பல்லும் ஈறைத் தொடும் இடத்தைப் பாருங்கள். நகம் மாட்டுகிற மாதிரி ஒரு பள்ளம் தெரிந்தால், அதில் உங்கள் பிரஷ்ஷுக்கும் கைக்கும் பங்கிருக்க வாய்ப்பு அதிகம். சொத்தையாலும் பல் கூசும் என்பதால், பள்ளம் இருக்கிறதோ இல்லையோ, ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

வாங்கும்போது அட்டையில் பொடி எழுத்தில் ‘சாஃப்ட்’ அல்லது ‘எக்ஸ்ட்ரா சாஃப்ட்’ என்று போட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், மீடியம் கூட வேண்டாம். அடுத்தது தலை. பெரிய தலை என்றால் சீக்கிரம் வேலை முடியும் என்று தோன்றும், ஆனால் கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் அது போகவே போகாது. இரண்டு பல்லை மூடும் அளவுக்குத் தலை இருந்தால் போதும். கரி கலந்த கறுப்பு நார், வளைந்து நெளிந்த கைப்பிடி, மூன்று கலரில் குறுக்கும் நெடுக்குமாக நார் இதெல்லாம் பெரும்பாலும் அட்டைக்கு அழகு. கரி நாரால் பல் வெளுத்துவிடாது.

தேய்க்கும்போது பிரஷ்ஷை ஈறு பக்கம் சாய்த்து, 45 டிகிரி போல வைத்து, சின்னச் சின்னதாக அசையுங்கள். காலையிலும் ராத்திரியிலும் இரண்டு நிமிஷம். முஷ்டியாகப் பிடிக்காமல் பேனா பிடிக்கிற மாதிரி பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். புது பிரஷ் ஒரே மாதத்தில் ஓரமெல்லாம் விரிந்துபோனால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அது அநேகமாக உங்கள் கை போடும் அழுத்தம்தான்.

கேள்வி: 20 ரூபாய் பிரஷ்ஷுக்கும் 90 ரூபாய் பிரஷ்ஷுக்கும் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா? காம்போ பேக் லாபமா?

பதில்: சாஃப்ட் நார், சின்னத் தலை, கூர் இல்லாமல் உருட்டிய நார் நுனி இருந்தால் 20 ரூபாயே போதும். காம்போவில் ஒன்றைக் கவனியுங்கள், ‘மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற பேக்குக்குள் இருப்பது மீடியமாக இருக்கலாம். விலையை எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் லாபம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அப்புறம், 2025 செப்டம்பர் 22 முதல் பல் பிரஷ்ஷுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. எம்.ஆர்.பி. என்பது வரியும் சேர்ந்த விலை, அதற்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. பில்லை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம்.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டுவலி, விரல் மடங்கவில்லை. எலெக்ட்ரிக் பிரஷ் வாங்கித் தரலாமா?

பதில்: அவருக்குத்தான் அது உண்மையாகவே பயன்படும், வாங்கிக் கொடுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தும்போது சாதா பிரஷ்ஷைவிட எலெக்ட்ரிக்கில் பற்படலம் 21 சதவீதம் குறைகிறது என்கிறது. அதற்காகக் கை நன்றாக இருப்பவர்கள் எல்லாரும் ஓடிப்போய் வாங்க வேண்டியதில்லை, ஒழுங்காகத் தேய்த்தால் சாதா பிரஷ்ஷே போதும். வாங்கும் முன் மாற்றுத் தலையின் விலையைக் கேளுங்கள், அது தொடர்ந்து கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஆஃபரில் மலிவாக வாங்கிவிட்டுத் தலை கிடைக்காமல் அலமாரியில் போட்டுவைப்பவர்கள் உண்டு. கைப்பிடி தடிமனாக இருக்கட்டும், அதிகம் அழுத்தினால் எச்சரிக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: மூங்கில் பிரஷ் நல்லதா? வேப்பங்குச்சி?

பதில்: மூங்கில் பிரஷ்ஷில் கைப்பிடிதான் மூங்கில், நார் பெரும்பாலும் நைலான். பல்லுக்கு வித்தியாசம் இல்லை. ஈரத்தோடு டம்ளருக்குள் போட்டால் அடி கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்பது சரி, ஆனால் குச்சியைக் கொண்டு கடைவாய்ப் பல்லின் உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள், கஷ்டம் தெரியும். பேஸ்டில் இருக்கும், சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடும் அதில் கிடையாது.

கேள்வி: நாலு வயதுப் பையனுக்கு?

பதில்: அவன் வயது அட்டையில் போட்டிருக்கும் எக்ஸ்ட்ரா சாஃப்ட். பட்டாணி அளவு பேஸ்ட், அவ்வளவுதான், துப்பவும் பழக்குங்கள். ஏழு, எட்டு வயது வரை நீங்களே தேய்த்துவிட வேண்டும், அவன் தானாகத் தேய்த்தால் பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டு நிற்பான், நார் இரண்டே மாதத்தில் பிய்ந்துவிடும். கார்ட்டூன் படத்துக்கு பத்து ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள், அதைக் காட்டினாலாவது வாயைத் திறப்பான்.