புலாஸ்கி கோடரிக்குப் புதுக் காம்பு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

புலாஸ்கி, அமெரிக்கக் காட்டுத்தீ அணைப்போரின் கருவி. ஒரு பக்கம் கோடரி. மறுபக்கம் வேரும் மண்ணும் கொத்த, மண்வெட்டி போன்ற குறுக்கு அலகு. 1910 ஐடஹோ பெருந்தீயில் தன் ஆட்களில் பெரும்பாலோரைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய்க் காத்த வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயரைத் தாங்கியது.

காம்புக்கு ஹிக்கரி மரம்தான் வழக்கம். அடியைத் தாங்கி வளைந்துகொடுக்கும். ஆனால் நல்ல மரமும் இழை கோணினால் முறியும். அடிமுனையில் தெரியும் வளைய வரிகள் அலகு நோக்கும் திசையிலேயே ஓட வேண்டும். பக்கவாட்டு இழை பாதியில் வெளியே ஓடி முடிந்தால் கீழே வைத்துவிடுங்கள். விறகு பிளந்தவர்களுக்குத் தெரியும்: இழை ஓடும் வழியில்தான் கட்டை பிளக்கும். காம்பும் ஒரு கட்டைதானே!

தடித்த காம்பே உறுதி என்று பலர் நினைக்கிறார்கள்; அது வளையாமல் அதிர்வை நேராக மணிக்கட்டுக்கு அனுப்பும்.