தேய்க்கலாம், காற்றைப் பிடுங்கக் கூடாது

கேள்வி: கேப்டவுனில் பந்தை உப்புத்தாளால் தேய்த்த விவகாரத்தில் 2018-ல் ஸ்மித்துக்கும் வார்னருக்கும் ஓராண்டுத் தடை. அமெரிக்கக் கால்பந்தில் அணிகளே பந்தைத் தேய்த்துப் பழக்குகின்றனவாமே, லீக் தடுக்க வேண்டாமா? (வாசகர், திருச்சி)

பதில்: தேய்ப்பதைத் தடுக்க வேண்டாம். கிரிக்கெட்டில் நாம் தேய்த்த பந்து எதிரணி மட்டையாளரிடம் போகிறது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்-லில் ஒவ்வொரு அணியும் தாக்கும்போது தன் பந்தைத்தான் எறிகிறது. முன்பு உள்ளூர் அணிதான் எல்லாப் பந்தையும் கொடுக்கும். பந்தை எறியும் நட்சத்திரங்களான டாம் பிராடியும் பெய்ட்டன் மானிங்கும் முன்னின்று கேட்டு 2006-ல் அதை மாற்றினார்கள். ஒஹையோவின் ஏடா ஊரில் வில்சன் ஆலையில் தைத்த புதுப் பந்து வழுக்கும், விரல் நிற்காது. அதனால் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் ஊழியர்கள் தங்கள் எறிவீரர் ஈலை மானிங்குக்காக ஈரத்துணி, பிரஷ், சுழலும் சக்கரம் என்று மாதக்கணக்கில் ஒரு பந்தோடு மல்லுக்கட்டுவார்கள். பாவம், அவர்கள் பாடு! எதிரணிக்கு அதில் என்ன நஷ்டம்?

காற்று வேறு விஷயம். அதற்கு விதி உண்டு: 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). 2015 ஜனவரி 18 அன்று ஃபாக்ஸ்பரோவில் பிராடியின் பேட்ரியட்ஸ் அணி 45-7 என்று கோல்ட்ஸ் அணியை நொறுக்கிய ஆட்டத்தில், இடைவேளையில் அளந்தபோது பேட்ரியட்ஸ் பந்துகளில் காற்று குறைவு. பிராடிக்கு 4 ஆட்டத் தடை, அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம்.

என் வருத்தம் லீக் மீதுதான். நடுவரிடம் இருந்த இரண்டு அளவுமானிகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆட்டத்துக்கு முன் அளந்ததை அவர் எழுதி வைக்கவும் இல்லை. குளிரில் அழுத்தம் இறங்கும் என்பது பள்ளிப் பாடம். 21 டிகிரி அறையில் 12.5 காட்டும் பந்து 9 டிகிரிக் குளிரில் 11.4-க்கு வந்துவிடும். அதற்கும் கீழே போனதா, யாராவது கை வைத்தார்களா என்று பிரித்துச் சொல்ல முதல் அளவு வேண்டுமே! கணக்கே எழுதாமல் தண்டனை மட்டும் கொடுத்தால் எப்படி? அடுத்த சீசனில்தான் பந்துகளுக்கு எண் போட்டு, அழுத்தத்தைக் குறித்து வைக்கத் தொடங்கினார்கள்.

கேள்வி: உதைக்கும் பந்துக்கும் இதே சுதந்திரம் உண்டா? (வாசகி, கோவை)

பதில்: வெகுகாலம் அந்தச் சுதந்திரம் இல்லாமல் இருந்தது. அதற்கு முன்பு, உதைக்க வாகாகப் பழக்குவதற்காகத் துணி உலர்த்தும் எந்திரத்தில் பந்தைப் போட்டார்கள் என்றெல்லாம் கதை உண்டு. அதனால் 1999-ல் உதைப்பதற்கென்று தனிப் பந்து வந்தது. ஆட்ட நாளன்று மட்டும்தான் அதைக் கையில் கொடுப்பார்கள். 2025-ல் லீக்கே இறங்கி வந்து, முன்கூட்டியே பழக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. அந்த சீசனிலேயே ஜாக்சன்வில் அணியின் கேம் லிட்டில் 68 கஜத் தொலைவிலிருந்து கோல் அடித்துச் சாதனை படைத்தார். அதில் பந்தின் பங்கு எவ்வளவு, காலின் பங்கு எவ்வளவு என்று அங்கே வாக்குவாதம். சலுகை எல்லா அணிக்கும் ஒன்றுதான் என்பதால் எனக்கு ஆட்சேபம் இல்லை.