நிலாவையும் கோள்களையும் படமெடுப்பது: கேள்வி பதில்

கேள்வி: கேமராவை ஆட்டோ மோடில் வைத்து எடுத்தால் நிலா வெறும் வெள்ளை வட்டமாகவே விழுகிறதே?

பதில்: படத்தில் பெரும்பகுதி இருட்டு. அதைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. நிலாவோ வெயிலில் கிடக்கும் பாறை. மேனுவல் மோடில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, எஃப் எண் (லென்ஸ் துளையின் அளவு) 11, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/125 நொடியில் தொடங்குங்கள். இது பௌர்ணமிக் கணக்கு. அரைநிலாவுக்கு ஐஎஸ்ஓவை 400 ஆக்குங்கள். பள்ளங்கள் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் அஷ்டமியை ஒட்டிய நாட்களே நல்லவை. பௌர்ணமியில் நிழலே விழாததால் படம் தட்டையாகிவிடும்.

கேள்வி: 300 மிமீ லென்ஸில் வியாழன் கிடைக்குமா அண்ணா?

பதில்: புள்ளியாகக் கிடைக்கும். குவியத்தூரத்தை, அதாவது அந்த 300 மிமீயை, 110ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலாவின் அகலம் வரும்: உங்களுக்கு 2.7 மிமீ. வியாழன் அதிலும் நாற்பதில் ஒரு பங்கு, பதினைந்து பிக்சல் தேறினால் அதிகம். வியாழனின் மேகப் பட்டைகளை மறந்துவிடுங்கள். ஐஎஸ்ஓ 1600, எஃப் 5.6, 1/4 நொடி வைத்தால் நான்கு துணைக்கோள்களும் வரிசையாக விழும். வியாழன் வெளுத்துப்போகும், பரவாயில்லை.

கேள்வி: 8 அங்குல எஃப் 10 தொலைநோக்கி, 2.9 மைக்ரான் பிக்சல் கேமரா வைத்திருக்கிறேன். வியாழன் பட்டை மங்கலாகவே வருகிறது.

பதில்: ஒற்றைப் படமாக எடுக்கிறீர்களா? அப்படியானால் காரணம் அதுதான். காற்றின் அலைச்சலில் ஒவ்வொரு ஃப்ரேமும் வேறு மாதிரி நெளியும். வீடியோவாகப் பிடித்து, நல்ல ஃப்ரேம்களை மட்டும் அடுக்க வேண்டும். பிக்சல் அளவை 5ஆல் பெருக்கினால் தேவையான எஃப் எண், அதாவது ஏறத்தாழ 15. ஆகவே 1.5 மடங்கு பார்லோ (குவியத்தூரத்தைக் கூட்டும் துணை லென்ஸ்) போதும். ஷார்ப்கேப், ஃபயர்கேப்சர் போன்ற வீடியோ பிடிக்கும் மென்பொருளில் எக்ஸ்போஷர் (ஒரு ஃப்ரேமுக்கு ஒளி விழும் நேரம்) 5 முதல் 10 மில்லிநொடி வையுங்கள்; ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) 60–70 சதவீதம் வரும்வரை கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) கூட்டுங்கள். எம்பி4 வேண்டாம், அமுக்கும்போதே நுணுக்கம் போய்விடும்; அமுக்காமல் சேமிக்கும் எஸ்இஆர் (SER) வீடியோ கோப்பாகச் சேமியுங்கள். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிடுவதால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடவிட்டால் விவரங்கள் இழுபடும். பிறகு ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற அடுக்கும் மென்பொருளில் சிறந்த 10–20 சதவீத ஃப்ரேம்களை அடுக்கி, ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளின் வேவ்லெட் என்ற கூர்மையாக்கும் வசதியில் கூர்மையாக்குங்கள். ஸ்லைடரை ஆசைப்பட்டு இழுத்தால் கோளின் விளிம்பில் வளையம் முளைக்கும்.

இன்னொன்று: தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள். உள்ளே வெப்பம் தங்கியிருந்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. கோள் 30 பாகைக்குக் கீழே இருந்தாலும் அதே கதிதான்.

கேள்வி: லென்ஸின் ஃபோகஸை இன்ஃபினிட்டி (மிகத் தொலைவு) குறியில் வைத்தும் தெளிவில்லை.

பதில்: பல லென்ஸ்களில் அந்தக் குறி துல்லியமாக இருப்பதில்லை. லைவ்வியூவை (கேமராத் திரையில் தெரியும் நேரடிக் காட்சியை) 10 மடங்கு பெரிதாக்கி நிலாவின் விளிம்பைப் பார்த்துக் கையால் திருப்புங்கள். ட்ரைபாட்டில் வைத்து, 2 நொடி டைமர் போடுங்கள்.

கேள்வி: 2025இல் சனியின் வளையம் ஏன் மெல்லிய கோடாகத் தெரிந்தது? என் தொலைநோக்கியில் கோளாறா?

பதில்: கோளாறில்லை. 2025 மார்ச்சில் பூமி வளையத்தின் தளத்தைக் கடந்தது; அதையொட்டிய மாதங்களில் விளிம்பு மட்டுமே தெரிந்தது. 2032 வாக்கில் நன்றாக விரிந்திருக்கும். சனி வியாழனைவிட மங்கல், எக்ஸ்போஷரை 20 மில்லிநொடிவரை கூட்டுங்கள். மேற்பரப்பில் அடையாளங்கள் குறைவு என்பதால் வீடியோவும் நாலைந்து நிமிடம் தாங்கும்.